44 வருஷம் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க: நைட்ரஸ் ஆக்சைடின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு புத்தகத்தோட 556ஆம் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

1800ஆம் வருஷம் லண்டனில் வெளிவந்த புத்தகம் அது. எழுதியவர் ஹம்ப்ரி டேவி. அப்போ அவருக்கு வயசு 21தான். நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை மையமா வெச்சு ஐந்நூறு பக்கத்துக்கு மேல எழுதித் தள்ளியிருக்கார். புத்தகம் முடியப்போற நேரத்தில், 556ஆம் பக்கத்தில், ஒரு வாக்கியம் வருது. அதோட சாராம்சம் இது: இந்த வாயு உடல் வலியைப் போக்கும் போலத் தெரிகிறது, அதிகம் ரத்தம் போகாத அறுவை சிகிச்சைகளில் இதைப் பயன்படுத்தினால் பலன் இருக்கலாம்.

அவ்வளவுதான். அந்த யோசனையை அவர் மேற்கொண்டு தொடரவே இல்லை.

இது எவ்வளவு பெரிய வாக்கியம்னு புரியணும்னா, 1800இல் ஆபரேஷன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. மயக்க மருந்து கிடையாது. கொஞ்சம் சாராயம், கொஞ்சம் அபின், கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க நாலு ஆள். அப்புறம் கத்தி. அப்படிப்பட்ட உலகத்தில், வலியை நிறுத்த ஒரு வழி இருக்கலாம்னு ஒருத்தர் அச்சிலேயே எழுதி வெச்சிருக்கார். அந்தப் புத்தகம் பலர் கைக்கும் போயிருக்கு. ஆனா அந்த வாயுவை வெச்சு வலியை நிறுத்திக் காட்ட ஒரு பல் டாக்டர் வர்றதுக்கு 1844 ஆயிடுச்சு.

நடுவுல அந்த 44 வருஷம் உலகம் அந்த வாயுவை என்ன பண்ணிச்சு? டிக்கெட் போட்டு, இழுத்து, சிரிச்சுது. பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்துல நாமகூட அதை 'சிரிப்பு வாயு'ன்னுதானே படிச்சோம்?

இவ்வளவு பேர் கண்ணு முன்னாடி இருந்ததை ஏன் யாரும் பார்க்கல? இன்னைக்கு நான் பேசப்போறது அதைப் பத்திதான்.

காற்றை வைத்து வைத்தியம்

முதல்ல இந்த வாயு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். 1772இல் ஜோசப் ப்ரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர் இதை முதலில் தயாரித்தார். ஆக்சிஜன் கண்டுபிடிப்பில் பெயர் வருமே, அதே ப்ரீஸ்ட்லி. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து சோடா செய்வது எப்படின்னு எழுதினவரும் அவர்தான். இந்தப் புது வாயுவில் நெருப்பு நல்லாப் பிடிச்சு எரியுதுன்னு அவர் கவனித்தார். ஆனா சுவாசிச்சா என்ன ஆகும் என்ற பக்கம் போகவில்லை.

அடுத்து வந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் மிட்சில் என்ற டாக்டர். இந்த வாயுதான் தொற்றுநோய்களுக்கே காரணம், இதை சுவாசித்தால் ஆபத்துன்னு 1790களில் ஒரு கொள்கையை முன்வைத்தார். கிருமிங்கற விஷயமே அப்போ யாருக்கும் தெரியாதுங்க. நோய்னாலே 'கெட்ட காத்து'ன்னு நம்பின காலம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பென்சன்ஸ் என்ற கடலோர ஊரில், மரச்செதுக்கு வேலை செய்பவரின் மகன் ஒருத்தன் மருந்து தயாரிப்பவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தான். அவன்தான் டேவி. மிட்சில் எழுதியதைப் படித்துவிட்டு, 'சரி, பார்த்துடலாமே'ன்னு அந்த வாயுவைக் கொஞ்சமாத் தயாரிச்சு சோதிச்சான். ஒண்ணும் ஆகல. கொள்கை தப்புன்னு முடிவுக்கு வந்தான்.

இதே சமயம் பிரிஸ்டல் நகரத்தில் தாமஸ் பெடோஸ் என்ற டாக்டர் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். கெட்ட காற்றால் நோய் வரும்னா, நல்ல காற்றால் நோய் போகணும்தானே? முக்கியமா காசநோய். அன்றைக்கு ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன நோய் அது. நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் இருக்காரே, அவருடைய மகள் ஜெஸ்ஸி 1794இல் காசநோயால் இறந்துபோனார். மகளை இழந்த அந்த அப்பா, பெடோஸின் முயற்சிக்காக வாயு தயாரிக்கும் கருவிகளை வடிவமைத்துக் கொடுத்தார். சிரிப்பு வாயுவோட கதைக்கு அடியில இப்படி ஒரு துக்கமும் இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது.

பெடோஸ் தன்னுடைய வாயு மருத்துவ நிலையத்தை 1799இல் திறந்தார். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள பென்சன்ஸ் பையனை ஏற்கெனவே அழைத்து வந்திருந்தார். டேவிக்கு அப்போ 20 வயசு.

பச்சைப் பட்டுப் பை

1799 ஏப்ரலில் டேவி தூய்மையான நைட்ரஸ் ஆக்சைடைத் தானே சுவாசித்துப் பார்த்தார். அம்மோனியம் நைட்ரேட்டை சூடாக்கினால் இந்த வாயு வரும். சூடு கட்டுக்குள்ள இருக்கணும், மீறிப்போனா நுரையீரலைக் கெடுக்கிற வேற வாயுவும் சேர்ந்து வந்துடும். வரும் வாயுவை எண்ணெய் தடவிய பட்டுப் பையில் பிடித்து, வாயில் வைத்து இழுப்பார்கள். விரல் நுனியெல்லாம் சிலிர்ப்பு, காதுல விழற ஒவ்வொரு சத்தமும் பெருசு, அடக்க முடியாத சிரிப்பு. ஆய்வுக்கூடத்தில் குதித்து ஆடினதாக அவரே எழுதியிருக்கிறார்.

டேவி பயமறியாத ஆள். கார்பன் மோனாக்சைடு கலந்த ஒரு வாயுவையும் இதே மாதிரி சுவாசித்துப் பார்த்து, உயிர் போய்த் திரும்பி வந்தார். தயவுசெஞ்சு யாரும் இதை இன்ஸ்பிரேஷனா எடுத்துக்காதீங்க.

சீக்கிரமே நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள். கவிஞர்கள் ராபர்ட் சவுதி, சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ், பீங்கான் தொழிலில் பேர்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்தார், பின்னாளில் ஆங்கிலச் சொற்களஞ்சியம் தொகுத்த பீட்டர் ரோஜெ எல்லாரும் பையை வாங்கி இழுத்துப் பார்த்தவர்கள். டேவி எல்லாருக்கும் ஒரே வேலை கொடுத்தார்: என்ன உணர்ந்தீங்கன்னு எழுதிக் கொடுங்க. பனியில் நடந்துவிட்டுக் கதகதப்பான அறைக்குள் நுழைந்தது மாதிரி இருந்ததுன்னு கோல்ரிட்ஜ் சொன்னார். சிலருக்கு எதுவுமே ஆகலை. அதையும் டேவி புத்தகத்தில் சேர்த்தார். எனக்கு இந்த மனுஷனைப் பிடிக்கறதுக்கு முக்கியக் காரணமே இதுதான். தனக்குச் சாதகமா இல்லாததையும் எழுதி வெச்சார்.

நடுவில் அவருக்கு ஞானப்பல் முளைக்கும் இடத்தில் ஈறு வீங்கிக்கொண்டது. தூங்க முடியாத வலி. பையை எடுத்து இழுத்தார். நாலைந்து மூச்சுக்குள் வலி குறைந்து, கொஞ்ச நேரத்துக்குக் காணாமலே போனது. வாயுவின் விளைவு தீர்ந்ததும் வலி திரும்பி வந்தது. இந்த ஒரு அனுபவத்துக்கும், நான் ஆரம்பத்துல சொன்ன அந்த 556ஆம் பக்கத்துக்கும் நேர்க்கோடு போடலாம்.

பாரிஸில் ஒரு அறை, 1811

புத்தகம் வந்து 11 வருஷம் கழித்து, 1811 செப்டம்பர் 30ஆம் தேதி, பாரிஸில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. மார்பகத்தில் கட்டி. அகற்றியே ஆகணும். கத்தியைப் பிடித்தவர் டொமினிக் லாரே. நெப்போலியன் படையின் தலைமை அறுவை நிபுணர்களில் ஒருவர். அன்றைய ஐரோப்பாவில் அதைவிடத் திறமையான கை கிடைக்காது.

வலிக்கு என்ன கொடுத்தாங்க? மது கலந்த ஒரு பானம். முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அந்தத் துணி அவ்வளவு மெல்லிசு. அது வழியா, சுற்றி நிற்கும் ஆட்களையும், கத்தியின் பளபளப்பையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் நினைவோடுதான் இருந்தார். பிறகு தன் சகோதரிக்கு இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க மாதக் கணக்கில் ஆனது. எழுதினதைத் திரும்பிப் படிக்கக்கூட முடியலைன்னு சொல்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதுக்கப்புறம் இன்னும் 28 வருஷத்துக்கு மேல வாழ்ந்தார்.

ஒண்ணு நியாயமாச் சொல்லணும். நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் கொடுத்து அந்த ஆபரேஷனை வலியே இல்லாம பண்ணியிருக்க முடியாது. அந்த அளவுக்கு பலமான மருந்து இல்லை இது. டேவியும் சின்ன ஆபரேஷன்னுதானே சொன்னார். ஆனா பாதி வலி குறைஞ்சாலும் அது பாதி வலி இல்லையா? ஒரு பல்லுக்காவது, ஒரு புண்ணைக் கீறிச் சீழ் எடுக்கறதுக்காவது முயற்சி பண்ணியிருக்கலாமே? அதுகூட நடக்கலையே, ஏன்?

ஏன் யாரும் பார்க்கல?

நான் படித்த வரையில் நாலு காரணம் சொல்வேன்.

ஒண்ணு, கேள்வியே வேற. பெடோஸ் நிலையம் தேடியது காசநோய்க்கு மருந்து. நைட்ரஸ் ஆக்சைடு காசநோயைக் குணப்படுத்தவில்லை. அதனால அவங்க கணக்குல அது தோத்துப்போன மருந்து. கையில் இருந்தது வேறொரு கேள்விக்கான விடை. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ரெண்டு, டேவி நகர்ந்துவிட்டார். 1801இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்குப் போனார். மின்சாரத்தை வைத்து 1807இல் பொட்டாசியம், சோடியம் ரெண்டையும் பிரித்தெடுத்தார். 1815இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். பெரிய விஞ்ஞானி ஆயிட்டார். இருபது வயசுல இழுத்த வாயு பழைய கதை ஆயிடுச்சு.

மூணு, வலியை அன்றைய மருத்துவம் ஒரு பிரச்சினையாகவே பார்க்கவில்லை. மழை வந்தா நனைவோம், கத்தி பட்டா வலிக்கும். அவ்வளவுதான். வலி உடலைத் தூண்டி உயிரைப் பிடிச்சு வைக்குது, அது நல்லதுதான்னு நம்பின டாக்டர்களும் இருந்தார்கள். நல்ல சர்ஜனுக்கு அடையாளம் வேகம். ஒரு காலை எத்தனை நிமிஷத்தில் எடுக்கிறார் என்பதுதான் பேச்சு. வலியை நிறுத்தறதுன்னு ஒரு வேலை இருக்குன்னே தோணல. அதுக்குப் பேர்கூட இல்லைங்க. 'அனஸ்தீசியா' என்ற சொல்லை இந்த நிலைக்கு வைக்கலாம்னு ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் யோசனை சொன்னதே 1846இல்தான்.

நாலாவது காரணம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அந்த வாயு அதுக்குள்ள ஒரு ஜோக் ஆயிடுச்சு. 1802இல் ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் ராயல் இன்ஸ்டிட்யூஷனை வரைந்தார். ஒரு பெரிய மனுஷனுக்கு வாயு கொடுக்கிறார்கள், அவருக்குப் பின்பக்கமா வெடித்து வெளியே வருது. பக்கத்தில் துருத்தியோடு சிரிச்சுக்கிட்டே நிக்கறார் இளம் டேவி. இன்னைக்குச் சொல்லணும்னா செம வைரல் மீம். ஒரு விஷயம் ஒரு தடவை மீம் ஆயிட்டா, அப்புறம் அதை யார் சீரியஸா எடுப்பாங்க?

டிக்கெட் விலை 25 சென்ட்

அப்புறம் வந்தது மேடை நிகழ்ச்சிகளின் காலம். ஊர் ஊராக வாயுப் பையோடு ஆட்கள் போனார்கள். முன்வரிசையில் இருக்கும் தைரியசாலிகள் மேடைக்கு வந்து இழுப்பார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள், சண்டைக்குப் போவார்கள். கூட்டம் சிரிக்கும். 1830களில் அமெரிக்காவில் 'டாக்டர் கோல்ட்' என்று சொல்லிக்கொண்டு ஒரு இளைஞர் இந்த நிகழ்ச்சி நடத்திப் பணம் சேர்த்தார். அவர் டாக்டரே இல்லை. பேர் சாமுவேல் கோல்ட். ஆமா, ரிவால்வர் செஞ்ச அதே கோல்ட்தான். துப்பாக்கிக்கு முதல் போட்டதில் சிரிப்பு வாயுவுக்கும் பங்கு உண்டு.

1844 டிசம்பர் 10. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் நகரம். மருத்துவப் படிப்பை முடிக்காமல் விட்ட கார்ட்னர் கோல்டன் என்பவர் நிகழ்ச்சி நடத்துகிறார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சாமுவேல் கூலி மேடையேறி வாயுவை இழுக்கிறார். துள்ளிக் குதித்ததில் காலில் நல்ல அடி. ரத்தம் வழியுது. வந்து சாவகாசமா உட்கார்ந்திருக்கார். அடிபட்டதே அவருக்குத் தெரியவில்லை.

இதே மாதிரி எத்தனை மேடையில் எத்தனை பேர் விழுந்து எழுந்திருப்பார்கள்? எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் சிரிக்காம அந்தக் காலைப் பார்த்தார். ஹொரேஸ் வெல்ஸ், வயசு 29, தொழில் பல் டாக்டர்.

பல் டாக்டருக்கு ஏன் அது கண்ணில் பட்டது? யோசிச்சா புரியும். சர்ஜனுக்கு வலி ஒரு பெரிய காரியத்தோட செலவு. பல் டாக்டருக்கு வலிதான் தொழிலோட முதல் எதிரி. கத்தற சத்தத்தை தினமும் கேட்கிறார். பயந்து பாதியில் ஓடிப்போகிறவர்களையும் பார்க்கிறார். வலியில்லாமல் பல் பிடுங்கினால் பிழைப்பே மாறும். அவர்கிட்ட அந்தக் கேள்வி ஏற்கெனவே தயாரா இருந்துச்சு.

மறுநாளே கோல்டனை வரச்சொன்னார். தன்னுடைய கடைவாய்ப் பல்லையே சோதனைக்குக் கொடுத்தார். கோல்டன் வாயு கொடுக்க, ஜான் ரிக்ஸ் என்ற சக பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினார். கண் விழித்த வெல்ஸ், வலியே தெரியலைன்னார். 44 வருஷக் கேள்விக்கு ஒரே காலைப்பொழுதில் பதில் கிடைச்சது.

பாஸ்டனில் ஒரு சத்தம்

அடுத்த சில வாரங்களில் வெல்ஸ் பத்துப் பதினைந்து பேருக்கு இப்படிப் பல் பிடுங்கிப் பார்த்தார். பிறகு 1845 ஜனவரியில் பாஸ்டனுக்குப் போனார். அவருடைய முன்னாள் கூட்டாளி வில்லியம் மார்ட்டனும் கூட இருந்தார். ஹார்வர்ட் மருத்துவ மாணவர்கள் நிறைந்த அறை. பல் பிடுங்கிக்கொள்ள ஒருத்தர் முன்வந்தார். வாயு கொடுத்தாச்சு. பல்லைப் பிடித்து இழுக்கும்போது அந்த ஆள் சத்தம் போட்டுவிட்டார்.

அறை முழுக்கச் சிரிப்பு. ஏமாத்து வேலைன்னு கூச்சல். அந்த ஆள் பிறகு, தனக்குப் பெரிசா வலி தெரியலைன்னு சொன்னதாகக் குறிப்பு இருக்கு. அதைக் கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

என்ன நடந்தது? இன்றைக்கு நமக்குத் தெரியும். நைட்ரஸ் ஆக்சைடு ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கரையும். அதனால மூளைக்கு வேகமாப் போகும், பையை எடுத்தா அதே வேகத்துல வெளியே வந்துடும். கொஞ்சம் முன்னாடியே பையை எடுத்துவிட்டால் கதை முடிஞ்சது. வெல்ஸும் பை சீக்கிரம் எடுக்கப்பட்டதுதான் காரணம்னு சொன்னார். இன்னொரு விஷயம், இந்த வாயு வலியைக் குறைக்கும், ஆனால் சாதாரணக் காற்றழுத்தத்தில் இதை மட்டும் கொடுத்து ஆளை முழுசா மயக்கத்தில் ஆழ்த்த முடியாது. அந்தக் காலத்தில் தூய வாயுவை மட்டும் கொடுத்தபோது வந்த மயக்கத்தில், ஆக்சிஜன் கிடைக்காமல் போனதற்கும் பங்கு உண்டு. 1868இல் சிகாகோ சர்ஜன் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் ஆக்சிஜனைக் கலந்து கொடுத்த பிறகுதான் இது நீண்ட நேரத்துக்குப் பாதுகாப்பாகும் வழி திறந்தது.

பாஸ்டன் தோல்விக்கு அடுத்த வருஷம், 1846 அக்டோபர் 16ஆம் தேதி, அதே ஊரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்ட்டன் ஈத்தரைப் பயன்படுத்தி வெற்றிகரமாகச் செய்து காட்டினார். ஈத்தர் மெதுவா ஏறும், மெதுவா இறங்கும், பலமான மருந்து. உலகம் மார்ட்டனைக் கொண்டாடியது. ஜார்ஜியா மாநிலத்தில் க்ராஃபோர்ட் லாங் என்ற டாக்டர் 1842லேயே ஈத்தர் கொடுத்து ஆபரேஷன் செய்திருந்தார். ஆனால் அதை வெளியிடவில்லை. யார் முதல்ல என்ற சண்டை வருஷக் கணக்கில் நீண்டது.

வெல்ஸ் உடைந்துபோனார். நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, புதிதாக வந்த குளோரோஃபார்மைத் தன் மேலேயே திரும்பத் திரும்பச் சோதித்து, அதற்கு அடிமையானார். 1848 ஜனவரியில், தன்னிலை இழந்த நிலையில், தெருவில் பெண்கள் மேல் அமிலம் வீசியதற்காகக் கைதானார். தெளிந்த பிறகு, தான் செய்ததைத் தாங்க முடியாமல் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வயசு 33. அந்தப் பெண்களின் காயத்தையும் இந்தக் கதையிலிருந்து நாம் அழித்துவிடக் கூடாது. வலியை நிறுத்தணும்னு கிளம்பின ஆளோட கதை, மத்தவங்களுக்கு வலி கொடுத்து முடிஞ்சுது. அதே ஜனவரியில் பாரிஸ் மருத்துவச் சங்கம் அவருக்கு அங்கீகாரம் கொடுத்திருந்தது. செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டி வருவதற்குள் அவர் இல்லை.

கையில் பிடிக்கும் மாஸ்க்

இந்த வாயுவை மறுபடியும் மருத்துவத்துக்குக் கூட்டிவந்தது யார் தெரியுமா? அதே மேடை நிகழ்ச்சிக்காரர், கோல்டன். 1863இல் பல் பிடுங்க இதை மறுபடி பயன்படுத்த ஆரம்பித்து, நியூயார்க்கில் அதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். பல்லாயிரம் பேருக்கு வலி தெரியாமல் பல் எடுத்தார்கள். வந்தவர்களிடம் ஒரு நீளச் சுருளில் கையெழுத்தும் வாங்கி வைத்தார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864இல் வெல்ஸுக்குரிய பெருமையை அங்கீகரித்தது.

ஆனா என்னைக் கேட்டா, 556ஆம் பக்கத்துக்கு முழு மரியாதை கிடைச்ச இடம் பிரசவ அறை. 1930களில் லிவர்பூலில் ராபர்ட் மின்னிட் என்ற டாக்டர், பிரசவ வலியில் இருக்கும் பெண் தானே பிடித்து சுவாசிக்கும்படி, நைட்ரஸ் ஆக்சைடும் காற்றும் கலந்து தரும் கருவி ஒன்றை உருவாக்கினார். 1961இல் மைக்கேல் டன்ஸ்டால், பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன் என ஒரே சிலிண்டரில் கலந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் என்டோனாக்ஸ்.

இதில் இருக்கும் பாதுகாப்பு ரொம்ப எளிமை. மாஸ்க்கையோ குழாயையோ நோயாளியே பிடிக்கணும். மூச்சை இழுத்தால்தான் வால்வு திறக்கும். அதிகமாப் போய்த் தூக்கம் வந்தா கை தானாத் தளரும், மாஸ்க் விலகிடும், வாயு நின்னுடும். எவ்வளவு வேணும், எப்போ வேணும்னு முடிவு பண்றது வலியில இருக்கற ஆள். அந்தப் பாரிஸ் அறையில் ஃபேனி பர்னியை ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள், அவர் கையில் எதுவும் இல்லை. 150 வருஷத்தில் நடந்த பெரிய மாற்றமா நான் பார்ப்பது இதைத்தான்.

நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலும் என்டோனாக்ஸ் இருக்கு. ஆனா பிரசவ வலிக்கு இப்படி ஒண்ணு கேட்கலாம்னே பல பேருக்குத் தெரியாது. 'பொறுத்துக்கோம்மா, எல்லாரும் பெத்தவங்கதானே' என்ற வாக்கியத்தைக் கேட்காத வீடு இருக்கா? கத்தி பட்டா வலிக்கும்னு 1800இல் டாக்டர்கள் நினைச்சதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைங்க.

திரும்பவும் பலூன்

இப்போ இந்த வாயு எங்கெல்லாம் இருக்குன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். கேக் மேல் பிழியும் க்ரீம் கேனில் இருக்கு, ஏன்னா கொழுப்பில் நல்லாக் கரையும், வெளியே வரும்போது க்ரீமை நுரைக்க வைக்கும். ரேஸ் காரில் இருக்கு, ஏன்னா சூட்டில் உடைந்து ஆக்சிஜனைக் கொடுக்கும், எஞ்சின் கூடுதலா எரிபொருளை எரிக்கும். சினிமாவில் ஹீரோ பட்டனை அழுத்தினதும் கார் பறக்குமே, அதுதான். 2004இல் விண்வெளி எல்லையைத் தொட்ட ஸ்பேஸ்ஷிப்ஒன் விமானத்தின் ராக்கெட்டிலும் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

அப்புறம் பார்ட்டிகளில் பலூன். 1799இல் பட்டுப் பை, இப்போ ரப்பர் பை. இங்கே கொஞ்சம் சீரியஸா கேளுங்க. இந்த வாயு நம் உடம்பில் இருக்கும் வைட்டமின் பி12இன் நடுவில் உள்ள கோபால்ட்டைத் தாக்கி, அதை வேலை செய்ய விடாமல் ஆக்கிவிடும். நரம்புகளின் மேலுறையைப் பராமரிக்க பி12 வேணும். அடிக்கடி இழுப்பவர்களுக்குக் கால் விரல் மரத்துப்போவதில் ஆரம்பித்து, நடை தள்ளாடி, தண்டுவடம் பாதிக்கப்படும் வரை போயிருக்கிறது. சிலருக்கு முழுசாத் திரும்பவே இல்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் நம்மில் பலருக்கு இது கூடுதல் ஆபத்து. ஆக்சிஜன் கலக்காமல் இழுத்து மூச்சடைத்து இறந்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன் 2023 நவம்பரில் இதைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. டாக்டர் கண்காணிப்பில், ஆக்சிஜன் கலந்து, கொஞ்ச நேரம் கொடுப்பது வேறு. தனியா உட்கார்ந்து கேன் கேனாக் காலி பண்றது வேறு.

இன்னொரு கணக்கும் இருக்கு. காற்றில் கலந்தால் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். மனிதர்களால் காற்றில் சேரும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பங்கு உரம் போட்ட வயல்களிலிருந்து வருது, ஆஸ்பத்திரிகளின் பங்கு சின்னது. ஆனாலும் ஸ்காட்லாந்து மருத்துவமனைகள் சோதித்துப் பார்த்தபோது, சுவர்க் குழாய்களில் வரும் வாயுவில் பெரும்பகுதி நோயாளியை அடையாமலே கசிந்து போவது தெரிந்தது. இப்போ பல இடங்களில் குழாயை மூடிவிட்டு சின்ன சிலிண்டருக்கு மாறுகிறார்கள். மருந்தை நிறுத்தல, வீணாறதை மட்டும் நிறுத்தறாங்க. இதுவும் அந்தக் குழாயை யாரோ ஒருத்தர் ஒழுங்காப் பார்த்ததால வந்ததுதான்.

இந்தக் கதையில் எனக்கு மிஞ்சுவது இது. சாமுவேல் கூலியின் கால் அன்றைக்கு மட்டும் புதுசா ரத்தம் சிந்தவில்லை. அந்த மாதிரிக் கால்கள் 44 வருஷமா மேடையில் இருந்தன. வலியை ஒரு பிரச்சினையா நினைச்ச ஆள் கூட்டத்துக்குள்ள வந்த அன்னைக்குத்தான் அது கண்ணில் பட்டது. அதனால உங்க வீட்டில் யாராவது 'வலிக்குது'ன்னு சொன்னா, பொறுத்துக்கோன்னு சொல்றதுக்கு முன்னாடி, இதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேளுங்க. பல சமயம் இருக்கும். எங்கேயோ ஒரு புத்தகத்தில் எழுதியும் இருக்கும்.